நீள ஒயர் வைத்த தெர்மாமீட்டர்

ஹான்காக், மிச்சிகன்
10 ஏப்ரல் 1994

அன்புள்ள நோரீன்,

எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் இருக்கிறேன். காதுதான் இன்னும் கொஞ்சம் அடைத்துப்போயிருக்கிறது. சுரங்கத்தில் துளைக்கருவி பிடித்தவன் காது வேறெப்படி இருக்கும்? ஃபோனில் உன்னைக் கத்தவைக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் கடிதம்.

பனி இங்கே ஜன்னல் மட்டத்துக்கு நிற்கிறது. மண் இளகாமல் குழி வெட்ட முடியாது, மே பாதியில் பார்க்கலாம் என்று கல்லறைக்காரர் சொல்லிவிட்டார். அதுவரை ரெய்னோ கல்லறைத் தோட்டத்துக் கல் கொட்டிலில், குளிர்காலத்தில் இறந்த மற்றவர்களோடு காத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு வரைக்கும் போய்விட்டு வருகிறேன். மூன்று வார நிமோனியா என் முப்பத்தேழு வயது மகனைக் கொண்டுபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். சிரிக்காதே. நான் பீர் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். ரெய்னோ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய அந்தப் பழுப்பு பீர் நிலவறையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தீர்ந்துபோவதற்குள் அதே மாதிரி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிடிவாதம். முளைகட்டிய பார்லியை நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஊறவைக்க வேண்டும் என்று ஒருமுறை எனக்கு எழுதியிருந்தான். சூடு குறைந்தால் சப்பென்று ஆகிவிடுமாம், கூடினால் தித்திக்குமாம். என்னுடையது தித்திக்கிறது.

சிக்கல் தெர்மாமீட்டரில். உன் அத்தை ஐலி மிட்டாய் காய்ச்ச வைத்திருந்தது ஒரு சூடு காட்டுகிறது, சந்தையில் வாங்கிய வட்ட முள் வேறொரு சூடு காட்டுகிறது. சரிதான் என்று நீராவிக் குளியலறைச் சுவரில் இருந்ததைக் கழற்றிப் பானையில் போட்டேன். அது பசை விட்டு இரண்டாகப் பிரிந்து மிதந்தது. எதை நம்புவது? ரெய்னோ எதை வைத்திருந்தான்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா,
ஆர்விட்

*

ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ
1 மே 1994

அன்புள்ள மாமா,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நிலவறைப் படியில் பானையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை எப்போதும் போலத்தான். பிள்ளைகள் பாதியைச் சாப்பிட்டுப் பாதியை எறிகிறார்கள்.

தெர்மாமீட்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் சொல்ல முடியும். எங்கள் சமையலறையில் தினமும் இதுதான் வேலை. ஒரு பெரிய குவளை நிறைய நொறுக்கிய பனிக்கட்டி போட்டு, அது மூழ்காத அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். தெர்மாமீட்டரை நடுவில் பிடியுங்கள், குவளையைத் தொடக் கூடாது. முப்பத்திரண்டு காட்டினால் அதை நம்பலாம். கொதிக்கும் தண்ணீரை வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. ஆனால் நாங்கள் இருக்கும் உயரத்தில் தண்ணீர் இருநூற்று மூன்றிலேயே கொதித்துவிடும், உங்கள் ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆகும். பனிக்கட்டிக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

வட்ட முள்ளை விட்டுவிடுங்கள். கீழே ஒருமுறை விழுந்தால் முள் நகர்ந்துவிடும், அது நமக்குத் தெரியவும் தெரியாது. தண்டு பாதிக்குமேல் முழுகாவிட்டாலும் தப்பாகக் காட்டும். உள்ளே சிவப்புத் திரவம் ஓடும் கண்ணாடிக் குச்சி வாங்குங்கள். வாங்கும்போது திரவம் நடுவில் அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பாதரசம் வேண்டாம், உடைந்தால் பீரோடு பானையையும் எறிய வேண்டியதுதான்.

அடக்கத்துக்கு வருகிறேன். தேதி தெரிந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
நோரீன்

*

ஹான்காக்
29 மே 1994

அன்புள்ள நோரீன்,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? வந்தபோது மிகவும் இளைத்திருந்தாய். அடக்கத்தன்று எல்லோரும் இருந்ததால் சொல்லவில்லை.

ஐலிக்கும் ரெய்னோவுக்கும் நடுவில் எனக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

நீ சொன்னபடி பனிக்கட்டியில் சோதித்தேன். ஐலியுடையது முப்பத்தெட்டு காட்டுகிறது. பாவம், இத்தனை வருஷமும் அவள் மிட்டாய் ஏன் பல்லில் ஒட்டியது என்று இப்போதுதான் தெரிகிறது. வெர்ன் கடைக்குப் போய்க் கண்ணாடிக் குச்சி கேட்டேன். எனக்குக் கேட்காது என்று அவன் கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"ஏய் ஆர்விட், பீர் காய்ச்சுறவனுக்குத் தெர்மாமீட்டர் எதுக்குய்யா? விரல விட்டுப் பாரு!"

"விரல விட்டா சுடுதுன்னு மட்டும்தாண்டா தெரியும். எவ்வளவு சுடுதுன்னு உங்கப்பன் வந்து சொல்வானா?"

ரெண்டு பேரும் சிரித்தோம். ரெய்னோ இறந்த பெப்ரவரிக்குப் பிறகு அவன் என்னிடம் வேடிக்கையாகப் பேசியது அன்றுதான். ஊரில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். செவிடனிடம் மெதுவாகப் பேசி என்ன பயன்?

இரண்டாவது பானையும் செய்தாயிற்று. குச்சி நன்றாகத்தான் காட்டுகிறது. ஆனால் ருசி அவனுடையது இல்லை. அதில் ஒரு வறுத்த ரொட்டி வாசனை வரும், கடைசியில் லேசாகக் கசக்கும். நீ வந்திருந்தபோது அவன் அனுப்பியதில் ஒன்றைத் திறந்து உனக்கும் ஊற்றினேன். வண்டி ஓட்ட வேண்டும் என்று நீ தொடவே இல்லை. மறுநாள்தானே கிளம்பினாய்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ரெய்னோ எதை வைத்திருந்தான்?

உன் மாமா,
ஆர்விட்

*

ஃபோர்ட் காலின்ஸ்
14 ஜூன் 1994

அன்புள்ள மாமா,

சுகமாக இருக்கிறீர்களா? பள்ளி விடுமுறை விட்டாயிற்று. எனக்குத் தூங்க நிறைய நேரம் கிடைக்கிறது.

கிறிஸ்துமஸ் பீர் பேட்டரி போட்ட தெர்மாமீட்டரில் செய்தது. எண் தெரியும் சின்னப் பெட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு ஒயர், நுனியில் பென்சில் மாதிரி ஒரு கம்பி. கம்பியைப் பானைக்குள் விட்டுவிட்டுப் பெட்டியை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். கம்பியும் ஒயரும் சேரும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் கெட்டுவிடும், மற்றபடி நல்ல சாமான். ஆனால் நீங்கள் அதை வாங்கத் தேவையில்லை. உங்கள் குச்சி பனிக்கட்டியில் சரியாகக் காட்டினால் அதுவே போதும். ருசி மாறுவதற்கு உங்கள் ஊர்த் தண்ணீர் காரணமாக இருக்கலாம். பார்லியைக் கொஞ்சம் கருக வறுத்ததாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நோரீன்

*

ஹான்காக்
30 ஜூன் 1994

அன்புள்ள நோரீன்,

இங்கே எல்லோரும் நலம். உனக்குத் தூக்கம் வருவது நல்லதுதான், ஆனால் பகலெல்லாம் தூங்காதே. ஐலி இறந்த வருஷம் நானும் அப்படித்தான் தூங்கினேன். எழுந்தால் இன்னும் களைப்பாக இருக்கும்.

கோடை நடுநாள் திருவிழாவுக்கு ஏரிக்கரையில் நெருப்பு மூட்டினோம். என் பீரை எடுத்துக்கொண்டு போனேன். வெர்ன் இரண்டு குவளை குடித்துவிட்டு, "ரெய்னோ செஞ்ச மாதிரியே இருக்குய்யா" என்று என் காதில் கத்தினான். அவனுக்கு நல்ல மனசு. அது அப்படி இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. கண்ணாடித் தெர்மாமீட்டர் அவனிடம் ஒன்று இருந்ததே. உங்கள் கல்யாணத்துக்கு மறு வருஷம் நான்தான் வாங்கி அனுப்பினேன், மரப்பெட்டியோடு. "இத வச்சுத்தான் செய்வேன்ப்பா, வேற எதையும் தொட மாட்டேன்" என்றான். கைக்கடிகாரத்துக்குக்கூடச் சாவி கொடுப்பவன் அவன். பேட்டரி என்றாலே முகத்தைச் சுளிப்பான். அப்படிப்பட்டவன் ஏன் ஒயர் வைத்த பெட்டிக்குப் போனான்? என்னுடையது சரியாகக் காட்டவில்லையா? சொன்னால் வருத்தப்பட மாட்டேன்.

ஆகஸ்டில் இங்கே வந்து கொஞ்ச நாள் இரு. பெரிப் பழங்கள் பழுத்திருக்கும்.

உன் மாமா,
ஆர்விட்

*

ஹான்காக்
21 ஆகஸ்ட் 1994

அன்புள்ள நோரீன்,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? வெர்னை விட்டு உன் வீட்டுக்கு ஃபோன் செய்யச் சொன்னேன். நீ எடுத்ததாகவும், நன்றாக இருப்பதாகவும், எழுதுவதாகவும் சொன்னான். "குரல் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "குரல் மாதிரிதான் இருந்துச்சு" என்றான். அவனிடம் கேட்டால் அவ்வளவுதான்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? தெர்மாமீட்டரை நச்சரித்ததற்குக் கோபமா? நீ வேலைக்குப் போகிறவள், துக்கத்தில் இருக்கிறவள். ஒரு கிழவனுக்கு பீர் சரியாக வராததெல்லாம் உனக்குக் கவலையாக இருக்கக் கூடாது. பதில் எழுத வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் நலம் என்று ஒரு அட்டை போடு.

பெரி ஜாம் அனுப்புகிறேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

உன் மாமா,
ஆர்விட்

*

ஃபோர்ட் காலின்ஸ்
18 செப்டம்பர் 1994

அன்புள்ள மாமா,

நீங்கள் எதுவும் தப்பாக எழுதவில்லை. ஜாம் வந்தது. நன்றி. நான் உடம்பால் நலம்தான். இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் கொடுத்த தெர்மாமீட்டர் மிகச் சரியாகக் காட்டியது. அது ரெய்னோ கையிலிருந்து விழுந்து உடைந்தது. போன வருஷம் மார்ச்சில். பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன, விழுந்த சத்தம் கேட்டுத்தான் கையைப் பார்த்தான். மருந்தால் அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

மாமா, அது மூன்று வார நோய் இல்லை. கடைசியில் வந்தது நிமோனியா, அது பொய்யில்லை. ஆனால் 1993 ஜனவரியிலேயே ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் மருந்து ஏற்றினார்கள். நடுவில் தேறினான், பிறகு திரும்பிவிட்டது. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். குணமானதும் தானே சொல்வதாக இருந்தான்.

அந்தக் கோடையிலும் கிறிஸ்துமஸுக்கும் உங்களுக்கு வந்த பீரை அவன் செய்யவில்லை. நான் செய்தேன். பானையைத் தூக்க அவனால் முடியாது, அடுப்பருகே நிற்கவும் முடியாது. கூடத்துச் சோபாவில் படுத்திருப்பான். அதனால்தான் நீள ஒயர் வைத்ததைத் தேடி வாங்கினேன். கம்பி அடுப்பில் பானைக்குள் கிடக்கும், ஒயர் கதவு வழியாகப் போகும், பெட்டி அவன் நெஞ்சுமேல் இருக்கும். அங்கிருந்தபடியே என்னை விரட்டுவான்.

"நூத்தி நாப்பத்தொம்பது. நோரீன், தூங்கிட்டியா? அடுப்பக் கூட்டு."

"கூட்டிட்டேன்டா, கொஞ்சம் பொறு."

"நூத்தி ஐம்பத்தி மூணு! கூடிப் போச்சு, பச்சத் தண்ணி ஊத்து, ஊத்து! எங்கப்பா நாக்கு சும்மா இல்ல, உடனே கண்டுபிடிச்சுடுவாரு."

சிரித்தால் இருமல் வரும், இருமினால் பெட்டி நெஞ்சிலிருந்து சரியும். அப்புறம் எண்ணைச் சொல்ல ஆளிருக்காது.

நீங்கள் தேடும் ருசியை என்னால் சொல்லித்தர முடியவில்லை. எதைச் சொன்னாலும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அடக்கத்தன்று நீங்கள் ஊற்றிக் கொடுத்ததை என்னால் குடிக்கவும் முடியவில்லை.

நோரீன்

*

ஹான்காக்
28 செப்டம்பர் 1994

நோரீன்,

கடிதம் கிடைத்தது.

93 ஜூனில் உங்கள் ஊருக்கு வர பஸ் டிக்கெட் வாங்கியிருந்தேன். வெர்ன் கடை ஃபோனில் ரெய்னோ கத்தினான். "வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறோம்ப்பா, ஒரே நாத்தம், ஆகஸ்ட்ல வாங்க." ஆகஸ்டில் ஆபீசில் ஆள் குறைவு என்றான். எதையும் சந்தேகப்படவில்லை. என்ன கலர் என்று கேட்டேன். பச்சை என்றான். அன்றிலிருந்து நான் உங்களைப் பச்சை வீட்டில்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு பச்சைதானா?

பெப்ரவரியில் நீ ஃபோன் செய்ததை வெர்ன் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினான். முதல் நாள் 'ஆஸ்பத்திரி' என்று இருந்தது. நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சீட்டைக் கொண்டுவந்தான். மூன்று வார நிமோனியா என்று அதற்குப் பிறகுதான் சொன்னாய். ஒரு நாள் அவகாசம் எனக்கு. உங்களுக்கு ஒரு வருஷம் இருந்தது.

அவன் என் மகன். அந்த வருஷத்தில் எனக்கும் பங்கு உண்டு. அவன் கேட்டால் நீ சத்தியம் செய்துகொடுத்துவிடுவாயா?

கொஞ்ச காலம் எழுதாதே.

ஆர்விட்

*

ஃபோர்ட் காலின்ஸ்
20 நவம்பர் 1994

அன்புள்ள மாமா,

எழுதாதே என்றீர்கள். குளிர் தொடங்கிவிட்டது, நீங்கள் தனியாகக் கூரைப் பனி தள்ளுவீர்கள் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். வெர்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவே இல்லை. முன்பு இருந்த அதே மங்கிய வெள்ளைதான்.

நான் அவனோடு சண்டை போட்டேன். ஒருமுறை ஃபோனை எடுத்து எண்ணைச் சுழற்றவும் ஆரம்பித்தேன். அவன் சோபாவிலிருந்து எழுந்து வந்தான். பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அப்போது சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவர் வருவார் நோரீன். வந்து நாற்காலியப் போட்டு உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருப்பார். அம்மாவ அப்படித்தான் பாத்தார், ஒரு வருஷம். ஒரு வார்த்த பேச மாட்டார், பார்வைய எடுக்கவும் மாட்டார். அம்மா செத்த பிறகும் அந்த நாற்காலியிலேயேதான் உக்காந்திருந்தார். இன்னொரு தடவ அவர அதுல உக்கார வைக்க என்னால முடியாது. பீர் நல்லாருக்குன்னு அவர் எழுதுற கடுதாசி எனக்குப் போதும். அதுல நான் நல்லா இருக்கேன்ல?"

ஃபோனை வைத்துவிட்டேன். உங்கள் கடிதம் வரும் நாளில் அவன் சவரம் செய்துகொள்வான். உரக்கப் படிக்கச் சொல்வான். 'இந்தத் தடவை போனதைவிடப் பிரமாதம்' என்று நீங்கள் எழுதியதை இரண்டு முறை படிக்கவைத்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "பாத்தியா, ஏமாந்துட்டார்" என்றான். சிரித்தான் என்று எழுதத்தான் விரும்புகிறேன், ஆனால் அழுதான்.

உங்கள் பங்கை எடுத்தது உண்மை. அதைத் திருப்பித்தர என்னிடம் வழி இல்லை.

நோரீன்

*

ஹான்காக்
22 ஜனவரி 1995

அன்புள்ள நோரீன்,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு நவம்பர் முழுக்கக் கோபம், டிசம்பரில் இடுப்புவலி. இரண்டும் இப்போது பரவாயில்லை. கூரைப் பனியை வெர்ன்தான் தள்ளினான். தள்ளிக்கொண்டே என்னைத் திட்டியிருப்பான். வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை.

அந்த நாற்காலியைப் பற்றி அவன் சொன்னது சரி. ஐலியை நான் அப்படித்தான் பார்த்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுக்கு அது பாரமாக இருந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனாலும் அவன் செய்தது தப்பு, நோரீன். அவன் சரியாகச் சொல்லித் தப்பாகச் செய்துவிட்டான். அவன் இல்லாததால் உன்மேல் பாய்ந்தேன். உன்னையும் அவன் ஒரு வருஷம் தனியாக விட்டிருக்கிறான், பகிர்ந்துகொள்ள ஒரு ஆள்கூட இல்லாமல். அதை யோசிக்க எனக்கு இத்தனை மாதம் ஆகிவிட்டது.

நிலவறையில் இருந்ததைக் குடித்துத் தீர்த்துவிட்டேன். மிச்சம் வைக்க மனமில்லை. நீ நன்றாகச் செய்திருக்கிறாய்.

பெப்ரவரியில் அவன் போய் ஒரு வருஷம் ஆகிறது. நான் அங்கே வருகிறேன். சிகாகோ வரை பஸ், அங்கிருந்து டென்வருக்கு ரயில். டிக்கெட் வாங்கியாயிற்று, இந்தத் தடவை பெயிண்ட் கதை எடுபடாது. ஸ்டேஷனில் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, கையை நன்றாக உயர்த்து. பீர் எதுவும் செய்ய வேண்டாம். அந்த வருஷத்தை எனக்கு முதலிலிருந்து சொல், உரக்கச் சொல். எனக்குத் தனி அறை வேண்டாம். அவன் படுத்திருந்த இடத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.

உன் மாமா,
ஆர்விட்

*

ஃபோர்ட் காலின்ஸ்
31 ஜனவரி 1995

அன்புள்ள மாமா,

வாருங்கள். ரயில் எப்போதும் தாமதமாகத்தான் வரும், பசித்தால் காத்திருக்காமல் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். நான் நடைமேடையிலேயே நிற்பேன், சிவப்புக் கோட்டு.

ஒன்று மட்டும். அந்தச் சோபா உங்கள் உயரத்துக்குப் போதாது. ரெய்னோவுக்கும் போதவில்லை, முதலில் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் மோதிக்கொண்டேதான் நான் சமையலறைக்குப் போவேன். இலையுதிர் காலம் வந்தபோது முழங்காலை மடக்கிச் சுருண்டு படுக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

உங்களுக்கு உள் அறையில் பெரிய கட்டிலைப் போட்டு வைக்கிறேன். நான் சோபாவில் படுத்துக்கொள்வேன். இப்போதும் அங்கேதான் படுக்கிறேன்.

அன்புடன்,
நோரீன்